கழிந்தது, சேரவில்லை

ஒரு வங்கியின் சர்வரில் 500 ரூபாய் குறைய வேண்டும்; இன்னொரு வங்கியின் சர்வரில் 500 ரூபாய் ஏற வேண்டும். நடந்தால் இரண்டும், இல்லையென்றால் எதுவும் கூடாது. ஒரே கணினிக்குள் இது பெரிய விஷயமில்லை. இரண்டு சர்வர்கள், நடுவில் நெட்வொர்க் என்றானதும் சிக்கல் வருகிறது. சர்வர் படுத்துவிட்டது என்று தெரிந்தால்கூடச் சமாளிக்கலாம். பதிலே வராததுதான் தலைவலி. வேலை முடிந்து பதில் வழியில் தொலைந்ததா, வேலையே நடக்கவில்லையா? கேட்டவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இதற்குப் பழைய வைத்தியம் இருகட்ட முறை. அமெரிக்கக் கணினி அறிஞர் ஜிம் கிரே 1978-லேயே இதை விளக்கி எழுதியிருக்கிறார். ஒருங்கிணைக்கும் மென்பொருள் முதலில் எல்லா சர்வர்களையும் ‘தயாரா?’ என்று கேட்கும். ‘தயார்’ என்று சொல்லுமுன் ஒவ்வொரு சர்வரும் தான் செய்யப்போவதை டிஸ்க்கில் எழுதிவைத்து, அந்தக் கணக்கைப் பூட்டிக்கொள்ள வேண்டும். கரண்ட் போய் வந்தாலும் சொன்ன சொல் மாறக் கூடாதே! எல்லாரும் தயார் என்றால் ‘முடி’. ஒருவர் மறுத்தாலும் ‘கைவிடு’.

‘தயாரா?’ என்று கேட்ட மென்பொருளே நடுவில் படுத்துவிட்டால்? தயார் என்று சொன்ன சர்வர்களால் முடிக்கவும் முடியாது, கைவிடவும் முடியாது. கணக்கு பூட்டியே கிடக்கும், பின்னால் வரிசை நீளும். கூகுளின் ஸ்பேனர் போன்ற தரவுத்தளங்கள் ஒவ்வொரு தரப்புக்கும் பல நகல்களை வைத்து இதைத் தாண்டுகின்றன. அதற்குச் செலவு அதிகம்.

1987-ல் ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் சொன்ன ‘சாகா’ வேறு வழி. வேலையைத் துண்டு துண்டாகச் செய், நடுவில் முறிந்தால் செய்ததற்கு எதிர்வேலை செய். தொழில் மென்பொருளுக்குப் பெரும்பாலும் இதுவே போதும் என்பது என் கட்சி. யூபிஐ நடப்பதும் ஏறக்குறைய இப்படித்தான்: முதலில் பற்று, பிறகு வரவு, வரவு தவறினால் பற்று திரும்பும். தனிநபருக்கு அனுப்பிய பணம் சேராவிட்டால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு என்று ரிசர்வ் வங்கி 2019-ல் விதித்தது.

பதில் வராமல் மென்பொருளே ஒரே கோரிக்கையை இருமுறை அனுப்பினால் பரிவர்த்தனை எண்ணை வைத்து சர்வர் அடையாளம் கண்டுகொள்ளும். நீங்கள் பதறிப்போய் மறுபடி அனுப்பினாலோ அது புது எண், புதுப் பரிவர்த்தனை. ஆகவே ‘நிலுவை’ என்று காட்டினால் சற்றுப் பொறுங்கள். அந்த எண்ணை மட்டும் குறித்துவையுங்கள்.