காரின் கம்ப்யூட்டரோடு பேசலாம் வாங்க!

திருச்சியிலிருந்து மதுரைக்குக் காரில் போய்க் கொண்டிருக்கிறீர்கள். மருங்காபுரியை நெருங்கும்போது டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. வண்டி ஓடுகிறது, ஆனால் இழுவை குறைந்த மாதிரி தெரிகிறது. பக்கத்தில் துவரங்குறிச்சியில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினால், "கம்பெனி சர்வீசுக்குத்தான் சார் போகணும். மெஷின் அவங்ககிட்டதான் இருக்கு" என்கிறார். ஒரு காலத்தில் இது உண்மை. இன்று அந்த மெஷினில் பாதியை நீங்களே வாங்கி விடலாம். மீதிப் பாதியில்தான் விஷயம் இருக்கிறது.

காரின் எஞ்சினைக் கட்டுப்படுத்துவது ஈசியு என்ற சிறிய கம்ப்யூட்டர். சென்சார்களில் கோளாறு கண்டால் அது ஒரு குறியீட்டைத் தன் நினைவகத்தில் எழுதி வைக்கும். பி0171 என்று இருந்தால், காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். முன்பு இதைப் படிக்க ஒவ்வொரு கார் கம்பெனிக்கும் ஒரு சாக்கெட், ஒரு பாஷை. யுஎஸ்பி வருவதற்கு முன் மவுசுக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று என்று கம்ப்யூட்டரின் பின்புறம் இருந்ததே, அது போலத்தான். கருவி விற்றவர்களுக்குக் கொண்டாட்டம்!

அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து ஓபிடி-2 கட்டாயமானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஒரே மாதிரி சாக்கெட், ஒரே மாதிரி குறியீடுகள். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-ல் வந்தது. சட்டத்தின் முதல் நோக்கம் புகையைக் கட்டுப்படுத்துவது. கதவு திறந்தது மெக்கானிக்குகளுக்கு.

கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் 2005-ல் ஈஎல்எம்327 என்ற சிப்பை வெளியிட்டது. காரின் பல பாஷைகளையும் சாதாரண கம்ப்யூட்டருக்குப் புரியும் எழுத்துகளாக மாற்றித் தரும் மொழிபெயர்ப்பாளர் இது. முதல் பதிப்பில் காப்பி எடுக்க முடியாதபடி பூட்டுப் போடாமல் விட்டு விட்டார்கள். விளைவு, போலிகள் வெள்ளமாக வந்தன. இன்று ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் கருவிகளில் பெரும்பாலானவை இந்த வம்சம்தான். எல்ம் நிறுவனம் 2022-ல் கடையை மூடி விட்டது. (பெட்டியில் "பதிப்பு 1.5" என்று இருந்தால் சிரித்துக் கொள்ளுங்கள். அப்படி ஒரு பதிப்பை எல்ம் வெளியிடவே இல்லை!)

அப்படியானால் போஷ், லான்ச் போன்ற பெரிய கம்பெனிகள் எதை விற்கின்றன? குறியீட்டைப் படிப்பதற்கு இனி யாரும் பெரிய விலை தர மாட்டார்கள் என்று அவர்களுக்கும் தெரியும். பொதுத் தரத்துக்குள் வராததுதான் இப்போது அவர்கள் சரக்கு. ஏபிஎஸ், ஏர்பேக், புதுச் சாவியைப் பதிவு செய்வது, புதிய மாடல்களுக்கான அப்டேட், எந்த ஒயரை முதலில் பார்க்க வேண்டும் என்ற வழிகாட்டி. கருவியை ஒருமுறை விற்று, சாப்ட்வேருக்கு ஆண்டுதோறும் சந்தா வாங்குகிறார்கள். மலிவாக பிரிண்டரைக் கொடுத்து இங்க்கில் காசு பார்ப்பது நமக்குப் புதிதா என்ன?

தந்திரம் என்று திட்டவும் முடியாது. ஒவ்வொரு மாடலின் தகவலையும் திரட்டிச் சோதிக்க ஆள் வேண்டும், பணம் வேண்டும். ஆனால் அந்தத் தகவலைக் கார் கம்பெனிகள் வெளியே தர வேண்டுமே! இந்தியாவில் இந்த வழக்கில் 2014 ஆகஸ்டில் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்கச் செய்ய உத்தரவிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின.

சரி, நீங்கள் கருவி வாங்கலாமா? முதலில் காரின் வருடத்தைப் பாருங்கள். பாரத் ஸ்டேஜ் 4 விதி 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்குத்தான் வந்தது. நாடு முழுவதும் வந்தது 2017 ஏப்ரலில். அதற்கு முந்தைய வண்டியில் சாக்கெட் இருந்தாலும் முழுத் தகவல் வராமல் போகலாம். மொபைலில் 'டார்க்' போன்ற ஒரு ஆப் போதும், குறியீடு தெரிந்து விடும். தெரிந்ததும் உடனே அழித்து விடாதீர்கள். கோளாறு அப்படியே இருந்தால் விளக்கு மறுபடி எரியும், மெக்கானிக்குக்கு வேண்டிய தடயமும் போய் விடும். எண்ணைக் குறித்துக் கொண்டு போய்க் காட்டுங்கள். வேலை முடிந்ததும் கருவியைக் கழற்றி வையுங்கள், வண்டி நின்றிருந்தாலும் அது பேட்டரியைக் குடிக்கும். எரிவது ஏர்பேக் விளக்கு என்றால் இந்தச் சின்னக் கருவி பெரும்பாலும் கையை விரித்து விடும். அதற்குச் சந்தா கட்டிய மெஷின் வைத்திருப்பவரைத்தான் தேட வேண்டும்.