திட்டினால் பழம் நசுங்கும்!

தேனி மாவட்டத்தில், கம்பத்தை அடுத்து இருக்கிறது காமயகவுண்டன்பட்டி. சுற்று வட்டாரத்தில் "கே.கே.பட்டி" என்று சொன்னால்தான் சட்டென்று புரியும்.

ஊருக்கு வெளியே போனால், தலைக்கு மேல் பச்சைப் பந்தல்! கல்தூண்களை நட்டு, கம்பி இழுத்து, அதன் மேல் கொடியைப் படர விட்டிருக்கிறார்கள். பந்தலுக்குக் கீழே கருநீலக் குலைகள் தொங்குகின்றன. அதுதான் கம்பம் பன்னீர் திராட்சை. 2023-ம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பழம்.

வட இந்தியத் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு அறுவடைதான். இங்கே அப்படி இல்லை. கவாத்து செய்த நாளில் இருந்து ஏறக்குறைய 4 மாதத்தில் பழம் வந்து விடும். ஒரு தோட்டத்தில் இன்று கவாத்து என்றால், பக்கத்துத் தோட்டத்தில் அடுத்த மாதம் கவாத்து. ஆகவே, ஆண்டு முழுவதும் எங்கேயாவது ஒரு பந்தலில் வெட்டு நடந்து கொண்டே இருக்கும்.

வெட்டுக்கு ஆள் வேண்டும். அந்த ஆட்களை நடத்திச் செல்ல ஒருவர் வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட கூட்டம். பெரிய ஆலை அல்ல, அலுவலகம் அல்ல, நாற்காலி, மேசை கூடக் கிடையாது. ஆனால், ஒரு சிறிய தொழிலை நடத்துகிறவருக்கு வரக்கூடிய எல்லாத் தொல்லைகளும் அந்தப் பந்தலுக்கு அடியில் வந்து விடுகின்றன!

பொல்லாத பழம்

பன்னீர் திராட்சை மென்மையான பழம். தோல் மெல்லியது. அதன் மேல் சாம்பல் தூவியது போல ஒரு பூச்சு இருக்கும். பழத்தைக் கையால் பிடித்தால் அந்தப் பூச்சு அழிந்து விடும். அழிந்தால் பழம் பழையது போலத் தோன்றும். காம்பைப் பிடித்துத்தான் குலையை வெட்ட வேண்டும்.

மாம்பழத்தைக் காயாகப் பறித்துப் பழுக்க வைக்கலாம். திராட்சை அப்படி அல்ல. கொடியில் இருந்து இறங்கிய பிறகு அது மேலும் பழுக்காது. புளிப்பாக வெட்டினால் கடைசி வரை புளிப்புதான். சரி, இன்னும் 2 நாள் விட்டு வைக்கலாம் என்றால், வானம் சும்மா இருக்க வேண்டுமே! பழுத்த சமயத்தில் மழை பெய்தால் பழம் வெடித்து விடும். வெடித்த ஒரு பழத்தில் இருந்து பூஞ்சணம் குலை முழுவதற்கும் பரவும்.

தோட்டத்தை விலை பேசிய வியாபாரி கடன் வாங்கி முன்பணம் கொடுத்திருப்பார். பயிர் செய்தவரும் உரத்துக்கும் மருந்துக்கும் கடன் வாங்கியிருப்பார். இருவருடைய பணமும் அன்று காலையில் கத்தரிக்கோல் பிடிக்கும் பத்துப் பேருடைய விரல் நுனியில் இருக்கிறது.

மலைக்குப் போகும் ஜீப்

"கூலி கொடுக்கிறோம், வேலை செய்யட்டுமே! இதில் என்ன பெரிய தலைமை?" என்று கேட்கலாம்.

கம்பம் பள்ளத்தாக்கில் அப்படிக் கேட்பவர் அதிக நாள் தொழில் செய்ய முடியாது. காரணம், மலை!

மேற்கே மலைக்கு அப்பால் கேரளத்து இடுக்கி மாவட்டம். அங்கே ஏலக்காய்த் தோட்டங்கள். பொழுது விடிவதற்கு முன்பே, பள்ளத்தாக்கு ஊர்களில் இருந்து பெண்கள் ஜீப்புகளில் ஏறிக் குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் மலைக்கு வேலைக்குப் போகிறார்கள். மாலையில் திரும்பி வருகிறார்கள். இது பல ஆண்டுகளாக நடக்கிறது.

இன்று உங்கள் பந்தலில் ஒரு பெண்ணை நாலு பேர் எதிரில் கண்டபடி பேசினீர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவள் பதில் பேச மாட்டாள். சண்டை போட மாட்டாள். நாளைக் காலையில் ஜீப்பில் ஏறி விடுவாள். அவளோடு அவள் தங்கையும் போவாள். பக்கத்து வீட்டு அக்காளும் போவாள்.

பழம் மட்டும் பந்தலில் தொங்கும்!

ஒளித்து வைத்த பழம்

திட்டுவதில் இன்னொரு நஷ்டம் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது.

ஒரு பெண் குலையைத் தவற விட்டு விடுகிறாள். பத்துப் பழம் நசுங்கி விட்டது. திட்டு விழும் என்று பயந்தால் என்ன செய்வாள்? நசுங்கிய குலையைப் பெட்டியின் அடியில் வைத்து, மேலே நல்ல குலையைப் பரப்பி விடுவாள். தலைவருக்குத் தெரியாது. பெட்டி லாரி ஏறும். சந்தையில் திறக்கும் போது அடியில் இருந்து புளித்த வாடை வரும். ஒரு பெட்டியில் வாடை என்றால், வாங்குகிறவர் எல்லாப் பெட்டிக்கும் சேர்த்து விலையைக் குறைப்பார்.

பத்துப் பழத்தால் வந்த நஷ்டம் அல்ல இது. பயத்தால் வந்த நஷ்டம்.

இதைப் பற்றி அமெரிக்காவில் ஒரு ஆராய்ச்சி நடந்தது. ஆராய்ச்சி செய்தவர் ஏமி எட்மண்ட்சன் என்ற பெண்மணி. ஆஸ்பத்திரிகளில் நர்சுகள் கூட்டமாக வேலை செய்கிறார்கள் அல்லவா? நல்ல தலைமை உள்ள கூட்டத்தில் மருந்து கொடுப்பதில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். கணக்கைப் பார்த்தால் நேர்மாறாக இருந்தது! நல்ல கூட்டங்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகி இருந்தன.

அவருக்கு முதலில் திகைப்பு. பிறகுதான் விஷயம் விளங்கியது. நல்ல கூட்டத்தில் தவறு அதிகம் நடக்கவில்லை. நடந்த தவறை வெளியே சொன்னார்கள். மற்ற இடங்களில் மறைத்தார்கள்! இந்த ஆராய்ச்சி 1996-ல் வெளிவந்தது.

ஆஸ்பத்திரிக்கும் திராட்சைப் பந்தலுக்கும் வெகு தூரம். ஆனால் பயந்த மனிதன் செய்வது இரண்டு இடத்திலும் ஒன்றேதான்.

ஜப்பானில் டொயோட்டா மோட்டார் தொழிற்சாலையில் இதற்கு ஒரு கயிறே கட்டி வைத்தார்கள். வேலையில் பிசகு தெரிந்தால், எவ்வளவு சிறிய தொழிலாளியும் அந்தக் கயிற்றை இழுக்கலாம். உடனே மேற்பார்வையாளர் ஓடி வருவார். பிசகு சரியாகா விட்டால் வேலை அப்படியே நிற்கும். பந்தலில் கயிறு கட்ட வேண்டியது இல்லை. "நசுங்கியது இருந்தால் இந்தக் கூடையில் போடுங்கள். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்" என்று காலையிலேயே சொல்லி, ஒரு கூடையைத் தனியாக வைத்தால் போதும். சொன்னபடி, மாலையில் எதுவும் கேட்காமலும் இருக்க வேண்டும். கஷ்டம் அதில்தான்!

கொத்துத் தலைவி

திராட்சைக் குலையைக் கொத்து என்றும் சொல்கிறோம். மதுரைச் சீமையில், சேர்ந்து வேலைக்குப் போகும் கூலிக் கூட்டத்துக்கும் கொத்து என்றுதான் பெயர்!

அப்படி ஒரு கொத்துக்குத் தலைவியாக இருந்தவர் சின்னப்பிள்ளை. மதுரைக்குப் பக்கத்தில், அழகர்கோவில் வட்டாரத்தில் உள்ள பில்லுச்சேரியைச் சேர்ந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். வயல் வேலைக்குப் பெண்களைத் திரட்டுவது, நிலக்காரரிடம் கூலி பேசுவது, வேலையை முடித்துக் கொடுப்பது, கிடைத்த கூலியைப் பங்கிட்டுக் கொடுப்பது, இவ்வளவும் அவர் பொறுப்பு.

யோசித்துப் பார்த்தால், ஒரு சிறு கம்பெனியின் மானேஜர் செய்யும் வேலை இதுதான். இவரிடம் கணக்குப் புத்தகம் இல்லை. எல்லாம் மனக்கணக்கு. ஒரு ரூபாய் குறைந்தாலும் கேட்பதற்குச் சுற்றிலும் பெண்கள் நிற்பார்கள். கணக்கைப் பலர் அறியச் சொன்னால்தான் கொத்து நிலைக்கும். மறைத்தால் மறுநாளே கலைந்து போகும்.

1990-களில் "களஞ்சியம்" என்ற பெண்கள் சேமிப்பு இயக்கம் மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் பரவியது. மாதம் ஒரு சிறு தொகை சேமித்து, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து வாங்குவார்கள். வட்டிக் கடைக்குப் போக வேண்டியது இல்லை. சின்னப்பிள்ளை அதில் சேர்ந்தார். தம் ஊர்ப் பெண்களையும் சேர்த்தார். அவர் வந்து சொன்னதும் பெண்கள் ஏன் பணத்தைக் கொடுத்தார்கள்? கூலியைச் சரியாகப் பங்கிட்ட கை அது என்று அவர்களுக்குத் தெரியும்!

கண்மாயில் மீன் பிடிக்கும் குத்தகை அதுவரை வசதி உள்ள ஆண்களிடம்தான் இருந்தது. அதையும் பெண்கள் எடுக்கலாம் என்று அவர் முன்னால் நின்று காட்டினார்.

1999-ம் ஆண்டுக்கான "ஸ்திரீ சக்தி" விருது அவருக்குக் கிடைத்தது. டில்லியில் விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய், குனிந்து அந்தக் கூலிக்காரப் பெண்மணியின் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ பட்டமும் வந்தது.

யாருக்கு எந்த வேலை?

பந்தலுக்குத் திரும்புவோம். பன்னிரண்டு பேர் வந்தால் பன்னிரண்டு பேரும் வெட்டப் போவது தவறு. சிலருக்குக் கை வேகம். சிலருக்கு வேகம் இல்லை; ஆனால் கண் கூர்மை. வயதான பாட்டி ஏணியில் ஏறவோ கூடை சுமக்கவோ முடியாது. அவரை நிழலில் உட்கார வைத்து, குலையில் உள்ள சொத்தைப் பழத்தைக் கத்தரிக்கும் வேலையைக் கொடுத்தால், இளம்பெண்களை விடச் சுத்தமாகச் செய்வார். வீட்டில் அரிசியில் கல் பொறுக்கிய கண் அல்லவா!

வந்தவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்களாக இருப்பார்கள். சிறு தொழிலில் இது பெரிய சங்கடம். அத்தை மகன் பத்து மணிக்கு வந்தால் ஒன்றும் சொல்லாமல், அயலார் வீட்டுப் பெண் ஏழரைக்கு வந்தால் முகத்தைச் சுளித்தால், கூட்டம் அன்றைக்கே இரண்டாகி விடும். அத்தை மகனைத் தனியே அழைத்து, "மாப்பிள்ளை, நாளைக்கு நீங்கள் முதலில் வந்து நில்லுங்கள். மற்றவர்கள் உங்களைப் பார்த்து வருவார்கள்" என்று சொல்லலாம். அப்படியும் வராவிட்டால் அரை நாள் கூலிதான். அதை எல்லோரும் பார்க்கத்தான் வேண்டும்.

பெரியவர்களைத் திருத்தும் போதும் இப்படித்தான். "அக்கா, இந்தக் குலை இன்னும் சிவப்பாக இருக்கிறதே, ஒன்றைத் தின்று பாருங்கள்" என்று ஒரு பழத்தைக் கையில் கொடுத்தால் போதும். நாக்கே சொல்லி விடும்!

எது பழுத்தது, எது பழுக்காதது என்று வேலை தொடங்கும் முன்பே தலைவர் இரண்டு குலைகளை வெட்டிக் காட்டுவது இன்னும் நல்லது. கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியாத தலைவர் சொல்லை யாரும் கேட்பது இல்லை.

கூலி எவ்வளவு என்பதும் காலையிலேயே தெரிந்திருக்க வேண்டும். மாலையில் எடை போடும் போது தராசு எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும். "வியாபாரி பணம் தரவில்லை, நாளைக்கு வாருங்கள்" என்ற பேச்சு ஒரு முறை சரி. மறுமுறை சொன்னால், மலைக்குப் போகும் ஜீப் நினைவுக்கு வந்து விடும்.

மாலையில் பெட்டிகள் லாரியில் ஏறுகின்றன. பெண்கள் கத்தரிக்கோலைக் கழுவித் துடைத்து வைக்கிறார்கள். வெட்டு முடிந்த கொடிக்குச் சில வாரம் ஓய்வு. பிறகு மறுபடியும் கவாத்து. அதில் இருந்து நான்கு மாதத்தில் இதே பந்தலில் மறுபடியும் பழம் தொங்கும். கூலியை முந்தானையில் முடிந்து கொண்டு வீட்டுக்குத் திரும்பும் போதே, அடுத்த வெட்டுக்கு இங்கே வருவதா, வேண்டாமா என்று அந்தப் பெண்கள் தங்களுக்குள் பேசி முடித்து விடுகிறார்கள்.