மடிக்கணினிக்கு முதற்செலவு எதில்?

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு சிட்டையும் பேரேடும் மட்டும் வைத்துக் காலம் தள்ளுவது சிரமமாகிவிட்டது. வணிகப் பெருமக்கள் பலர் பில் போட மடிக்கணினி வாங்கிவிட்டார்கள். வாங்கிய சில வாரங்களிலேயே, "புதுசுதான், ஆனாலும் மாலை வியாபார நேரத்தில் நின்று நின்று போகிறது" என்கிறார்கள். ஒருவர் ரேம் போடச் சொல்வார், இன்னொருவர் எஸ்.எஸ்.டி. மாற்றச் சொல்வார். சரக்கு வாங்கும்போது பார்ப்பது போலவே இதையும் நிறுத்துப் பார்த்து முடிவு செய்யலாம்.

எஸ்.எஸ்.டி. என்பது கிடங்கு, ரேம் என்பது கடை மேடை. கிடங்கிலிருந்து எடுத்து வந்து மேடையில் வைத்துத்தான் சரக்கைக் கட்டித் தருகிறோம். மேடை சிறியதானால் ஒன்றை உள்ளே வைத்துவிட்டுத்தான் இன்னொன்றை எடுக்க முடியும். கணினி திணறுவதும் இப்படித்தான். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜி.பி. ரேம் வேண்டும் என்கிறது மைக்ரோசாப்ட். அது கடை திறக்கப் போதும், வியாபாரத்துக்குப் போதாது என்பது நம் கருத்து. 8 ஜி.பி. பெரும்பாலான சில்லறைக் கடைகளுக்குச் சரியாக இருக்கும். கணக்கு மென்பொருள், ஜி.எஸ்.டி. தளம், வாட்ஸ்அப், பெரிய எக்செல் விலைப்பட்டியல் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் மொத்தக் கடைகளுக்கு 16 நல்லது.

ஆனால் காசு கொடுக்கும் முன் சோதிக்க வேண்டும். வியாபாரம் மும்முரமாக உள்ள நேரத்தில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் முதலில் மெமரியைப் பாருங்கள். 90 சதவீதத்தை ஒட்டியே நின்றால் ரேம் குறைவு. மெமரி பாதிதான் நிரம்பியிருக்கிறது, டிஸ்க் மட்டும் 100-இலேயே நிற்கிறது என்றால் கிடங்கில் கோளாறு. பழைய வகை ஹார்ட் டிஸ்க் உள்ள கணினிகளில் இது அதிகம். மெமரியைப் பார்க்காமல் டிஸ்கை மட்டும் பார்த்து முடிவு கட்டக்கூடாது, ரேம் போதாதபோதும் டிஸ்க் ஏறும். இரண்டுமே குறைவாக இருந்தால் இணைய இணைப்பைச் சரி பாருங்கள், பணம் மிச்சம்.

ரேம் வாங்கும்போது நாமே ஒரு முறை ஏமாந்தோம். அலுவலகக் கணினிக்கு டி.டி.ஆர். 5 வாங்கி வந்தோம். அதில் இருந்ததோ டி.டி.ஆர். 4. வெட்டு வேறிடத்தில் இருப்பதால் ஒன்று மற்றதில் பொருந்தாது. உறையைப் பிரித்துவிட்டீர்கள் என்று கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். ஆகவே வகை எது, காலி இடம் உண்டா என்று முதலில் கேளுங்கள். மெல்லிய மாடல்கள் சிலவற்றில் ரேமைப் பலகையோடு பற்றவைத்திருப்பார்கள். அதில் கூட்டவே முடியாது. 2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியதால், தவறாக வாங்கினால் நஷ்டமும் பெரிது. புதிய கணினியைத் திறக்கும் முன் உத்தரவாதம் பாதிக்குமா என்று சர்வீஸ் மையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். பில்லில் கடையின் ஜி.எஸ்.டி. எண் இருந்தால் உள்ளீட்டு வரி கழிவு கிடைக்கும்; காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு அது இல்லை.

இவ்வளவும் சொன்னாலும், கணக்குக்கு நகல் வைக்காத உறுப்பினருக்கு முதற்செலவு ரேமும் அல்ல, எஸ்.எஸ்.டி.யும் அல்ல; வெளியே செருகும் ஒரு டிஸ்க். எஸ்.எஸ்.டி. எச்சரிக்கை கொடுக்காமலே செத்துப்போவதுண்டு. சட்டப்படி ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் அந்த ஆண்டின் கணக்கை வைத்திருக்க வேண்டும். கடனுக்குக் கொடுத்த பாக்கிப் பட்டியலும் அதே கணினியில்தானே இருக்கிறது! இரவு கடை அடைக்கும் முன் நகல் எடுத்து, டிஸ்கை வீட்டுக்குக் கொண்டு போய்விடுங்கள். மடிக்கணினிப் பையிலேயே போட்டு வைத்தால் பை போகும்போது அதுவும் சேர்ந்து போய்விடும்.