மதில் இல்லாத கல்லூரி

பள்ளிக்கூடம் என்றதும் நம் கண்முன் வருவது என்ன? சுற்றிலும் கம்பி வேலி, நடுவே திடல், கொடிக்கம்பம், நீண்டதொரு கட்டடம். தோட்டத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. அங்கே அது பொருத்தந்தான். பட்டணத்தின் நடு வீதியில், கடைகளும் கோயில்களும் பேருந்துகளும் நெருக்கியடிக்கும் இடத்தில் ஒரு கல்லூரி கட்டவேண்டுமென்றால்?

சிங்கப்பூரின் பிராஸ் பசா வட்டாரத்துக்குப் போய்ப் பாருங்கள். பழைய நாளில் அது பள்ளிக்கூடங்களின் வட்டாரம். ராபிள்ஸ் கல்வி நிலையம் 1972இலும், விக்டோரியா தெருக் கான்வென்ட் 1983இலும், புனித ஜோசப் கல்வி நிலையம் 1988இலும் வேறிடம் போய்விட்டன. கைகளை விரித்து வரவேற்பதுபோல் வளைந்த இரு பக்கங்களைக் கொண்ட புனித ஜோசப் கட்டடம் பின்னர் கலைக்கூடமானது. சில கட்டடங்கள் பிழைத்தன; பிள்ளைகள் போய்விட்டார்கள். சாலைக்கு அது பெரிய நஷ்டம்.

2005இல் சிங்கப்பூர் மேலாண்மைப் பல்கலைக்கழகம் அங்கே குடிவந்தது. அதற்கு மதிலும் இல்லை, பெரிய வாசற்கதவும் இல்லை. அக்கம்பக்கத்துப் பழைய கட்டடங்களை மிரட்டாத அளவான உயரம். கீழ்த்தளத்தைப் பெரும்பாலும் திறந்தே விட்டிருக்கிறார்கள். மழைக்கு ஒதுங்குபவர் யாரும் உள்ளே நடந்து மறுபக்கத் தெருவில் ஏறலாம். இது புதுமையா என்ன? 1822இல் ராபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம் கடைவீடுகளுக்கு முன்னால் கூரையுள்ள நடைபாதை விடச் சொன்னது. நம்மவர் ‘அஞ்சடி’ என்று சொல்வார்களே, அதேதான். அந்தப் பழைய மரியாதையைப் பல்கலைக்கழகம் காப்பாற்றியிருக்கிறது.

பெரியவர்கள் படிக்கும் இடம் திறந்து கிடக்கலாம். பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியை அப்படி விடமுடியுமா? எந்தத் தாய்க்கும் மனம் வராது. 2010இல் டோபி காட் அருகே எழுந்த கலைப் பள்ளி இதற்கு ஒரு வழி கண்டது. கீழே அரங்குகளும் அகலமான படிக்கட்டுகளும் ஊராருக்கு. வகுப்பறைகள் அதற்கு மேலே, பிள்ளைகளுக்கு மட்டும். மேல் பகுதியை மூன்று நீண்ட தொகுதிகளாகப் பிரித்து இடைவெளி விட்டதால் காற்று தாராளமாக வருகிறது. வெளிச்சுவரில் கொடிகளைப் படரவிட்டு வெயிலையும் தூசியையும் சாலை இரைச்சலையும் தணிக்கிறார்கள். (துணி துவைத்த சலவைத் துறை இருந்த இடந்தான் டோபி காட் என்பதை இளையவர்கள் அறிவார்களோ என்னவோ!)

மெக்நல்லி தெருவில் 2007இல் திறந்த லாசால் கலைக் கல்லூரி வேறு ரகம். வெளியே கறுத்த கற்சுவர், உள்ளே போனால் பளபளக்கும் கண்ணாடிப் பள்ளத்தாக்கு. உள்ளே அழகுதான், ஆனால் தெருவில் நடப்பவருக்கு அது முகம் காட்டத் தயங்குவதாகவே எனக்குப் படுகிறது.

இடத்துக்குப் பொருந்துவது சும்மா வந்துவிடுவதில்லை. பல்கலைக்கழகத்துக்காகப் பிராஸ் பசா பூங்காவின் பசும்புல் போயிற்று. அதே பகுதியில் சுரங்கச் சாலை வருவதற்காக, ஸ்டாம்போர்டு சாலையின் சிவப்புச் செங்கல் தேசிய நூலகம் 2004 மார்ச் 31இல் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. 1960இல் திறந்த அந்த நூலகத்தில் படித்து முன்னேறியவர்கள் ஏராளம். அவர்கள் கொதித்தெழுந்தும் பயனில்லை. அதன் இரண்டு செங்கல் வாயிற்றூண்கள் மட்டும் இன்னும் பல்கலைக்கழகத்தின் அருகே நிற்கின்றன. மதில் இல்லாத கல்லூரியில், கதவு இல்லாத அந்தத் தூண்களைக் கடந்து மாணவர்கள் வகுப்புக்குப் போகிறார்கள்.