சிரட்டைக் கடையில் கணக்குப் பாடம்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், உன்னிச்சைக் குளத்து நீரை நம்பி வேளாண்மை செய்யும் ஊர்கள் பல. அப்படியான ஊர்களில் முன்பள்ளி விட்டு வரும் பிள்ளையிடம் பெரியவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: "இண்டைக்கு என்ன மகள் எழுதின?" "எழுதல்ல, விளையாடின" என்று பதில் வந்தால் தாயின் முகம் வாடிவிடும். வயலில் வெயிலோடு மல்லுக்கட்டும் பெற்றோருக்குப் பிள்ளையின் படிப்புத்தான் பெரிய நம்பிக்கை. அவர்களின் கவலை நியாயமானது. ஆனால் அந்த விளையாட்டைக் கிட்ட நின்று பார்த்தால் கவலை குறையும்.

கடை விளையாட்டையே எடுத்துக்கொள்ளலாம். சிரட்டைக்குள் இருக்கும் மணல்தான் அரிசி, புளியங்கொட்டைதான் காசு. ஒரு சிரட்டை அரிசி ஐந்து கொட்டை. வாங்க வந்த சிறுமி மூன்றை நீட்டுகிறாள். "காணாது, இன்னும் ரெண்டு தாங்க" என்கிறான் நான்கு வயதுக் கடைக்காரன். கழித்தலை அவனுக்கு யாரும் கரும்பலகையில் எழுதிக் காட்டவில்லை. எண்ணுவது, பேசி வாங்குவது, தன் முறை வரும்வரை காத்திருப்பது எல்லாம் ஒரே ஆட்டத்தில் கூடி வருகின்றன.

களிமண் உருட்டுவதும் அப்படித்தான். இந்த வயதில் மணிக்கட்டு எலும்புகள் இன்னும் முழுதாக உருவாகியிருக்காது. பிசைந்தும் கிள்ளியும் விரல்கள் உரம்பெற்ற பிறகு பென்சில் தானாகவே கைக்குள் அடங்கும்.

இலங்கையின் கல்வித் திட்டமும் இதையே சொல்கிறது. 1998இல் கம்பகாவில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி 1999இல் நாடெங்கும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், தரம் 1, 2இல் விளையாட்டுக்கும், 5இல் எழுத்து வேலைக்கும் முதன்மை தந்தது; இடைப்பட்ட 3, 4இல் விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை மூன்றுக்கும் சம இடம் கொடுத்தது. தரம் ஒன்றுக்கே விளையாட்டு வழி என்றிருக்க, மூன்று வயதுப் பிள்ளையின் கையில் கொப்பியைத் திணிப்பது ஏன்? ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை மீதான அச்சம் முன்பள்ளி வாசல்வரை வந்துவிட்டதுதான் காரணம்.

விளையாட்டின் வலிமையை மட்டக்களப்பு முன்பே கண்டிருக்கிறது. 1996இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ், முஸ்லிம் ஊர்களின் சிறுவர்கள் அங்கே ஒன்றாகக் களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை கட்டினார்கள். பேச முடியாத துயரத்துக்கு அந்த ஆட்டங்கள் வடிகாலாயின.

பிள்ளைகளைச் சும்மா அவிழ்த்துவிடுவது விளையாட்டு வழிக் கல்வி ஆகாது. எந்தப் பொருளை எப்போது வைப்பது, எங்கே ஒரு கேள்வி கேட்டுவிட்டு விலகி நிற்பது என்று அறிந்த ஆசிரியை வேண்டும். முன்பள்ளி ஆசிரியைகளில் பலருக்குக் கிடைப்பதோ சொற்பக் கொடுப்பனவு. சிரட்டையும் மணலும் புளியங்கொட்டையும் ஊரிலேயே கிடைக்கும். ஆசிரியைக்கு முறையான பயிற்சியும் குடும்பம் நடத்தப் போதுமான சம்பளமும் மாகாண சபையும் அரசும்தான் தரவேண்டும். முன்பள்ளிக் கூட்டத்துக்குப் போகும் பெற்றோர் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.