நத்தைக்குள் நுழைந்த புல்

1977ஆம் ஆண்டு. ஆஸ்திரேலியாவின் மின்னமுரா கடற்கரை. விடுமுறைக்கு வந்திருந்த காது மருத்துவர் ஒருவர், மணலில் கிடந்த சுருள் சங்கு ஒன்றை எடுத்தார். பக்கத்தில் கிடைத்த புல்லைக் கிள்ளி அதன் வாய்க்குள் நுழைத்துப் பார்த்தார். நுனி துவண்டும் அடி சற்றே விறைத்தும் இருந்த புல், சுருளோடு சுருளாக வளைந்து உள்ளே போனது. நெடுநாளாக அவரை அலைக்கழித்த கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது: பட்டாணி அளவே உள்ள உட்காதின் சுருளுக்குள் மின்கம்பியைச் சேதமில்லாமல் செலுத்துவது எப்படி?

அவர் பெயர் கிரேம் கிளார்க். அப்பா மருந்துக்கடை நடத்தியவர். அவருக்குக் காது மந்தம். கூச்சத்தோடு மெல்லக் கேட்க வேண்டிய மருந்தைக்கூட வாடிக்கையாளர்கள் கடை முழுக்கக் கேட்கும்படி சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சங்கடத்தைப் பார்த்து வளர்ந்த மகன் கண்டுபிடித்த கருவிதான், இன்று நாம் காக்ளியர் இம்ப்ளான்ட் என்று அழைக்கும் கருவியின் முன்னோடிகளில் ஒன்று.

உட்காதில் இருக்கும் காக்ளியா ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுருள். அந்தப் பெயருக்கே நத்தை என்றுதான் பொருள். நீட்டி விரித்தால் சுமார் 35 மில்லிமீட்டர் இருக்கும். அதற்குள் ஆயிரக்கணக்கான மயிர்ச் செல்கள் வரிசைகட்டி நிற்கின்றன. ஒலியின் அதிர்வை நரம்புக்குப் புரியும் துடிப்பாக மாற்றுவது இவற்றின் வேலை. ஒவ்வொரு சுருதிக்கும் தனி இடம் உண்டு. வாசலருகே கீச்சொலி, உள்ளே போகப் போகக் கனத்த ஒலி. ஆர்மோனியக் கட்டைகளை நத்தைக் கூட்டுக்குள் சுருட்டி வைத்தது போல.

மனிதருக்கு இந்தச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. சாதாரணக் காதொலிக் கருவி ஒலியைப் பெருக்கித் தரும். ஆனால் அதை வாங்கிக்கொள்ளச் செல்கள் மிச்சம் இருக்க வேண்டும். ஆளில்லாத வீட்டின் கதவை எவ்வளவு ஓங்கித் தட்டினாலும் யார் திறப்பார்? நல்லவேளையாக, செல்கள் போன பிறகும் பலருக்குப் பின்னால் உள்ள கேள்வி நரம்பு பிழைத்திருக்கும். அதை நேரடியாகத் தொட்டு எழுப்புகிறது காக்ளியர் இம்ப்ளான்ட்.

கருவிக்கு இரண்டு பாகங்கள். காதுக்குப் பின்னால் மாட்டும் வெளிப்பாகம் மைக்கில் ஒலியை வாங்கி, சுருதிவாரியாகப் பிரித்து, தலையில் காந்தத்தால் ஒட்டியிருக்கும் வில்லைக்கு அனுப்பும். அங்கிருந்து தோலைத் துளைக்காமல் ரேடியோ அலையாகவே உள்பாகத்துக்குச் செய்தி போகும், மின்சாரமும் போகும். உள்பாகத்திலிருந்து கிளம்பும் மெல்லிய இழை, அந்தப் புல்லைப் போலவே, காக்ளியாவுக்குள் சுருண்டு கிடக்கும். அதில் 12 முதல் 22 வரை மின்முனைகள். ஆயிரக்கணக்கான செல்களின் வேலையை இந்தச் சில முனைகளே செய்கின்றன. பேச்சு புரிய இது பெரும்பாலும் போதும்; இசையின் நுணுக்கமும் கல்யாண வீட்டுச் சந்தடியில் ஒரு குரலும் பிடிபடுவது கடினம்.

இந்த முயற்சியில் கிளார்க் தனியாள் இல்லை. 1957இல் பாரிசில் ஜூர்னோ, எய்ரியே என்ற இருவர் கேள்வி நரம்பை மின்சாரத்தால் தூண்டிக் காட்டியிருந்தார்கள். 1977 டிசம்பரில் வியன்னாவில் ஹோக்மையர் தம்பதி வடிவமைத்த கருவி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. 1978 ஆகஸ்ட் 1 அன்று மெல்போர்னில், விபத்தில் கேட்கும் திறனை இழந்திருந்த ராட் சாண்டர்ஸ் என்பவருக்குக் கிளார்க் குழு அறுவை சிகிச்சை செய்தது. பிறகு நடந்த சோதனையில் தேசிய கீதத்தின் மெட்டை மின்துடிப்பாக அனுப்பினார்கள். சாண்டர்ஸ் விறைப்பாக எழுந்து நின்றார்.

அவரை எழுந்து நிற்க வைத்தது மூளை. காது கேட்ட காலத்தில் அது அந்த மெட்டைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தது. கருவி அதைத் தட்டி எழுப்பியது, அவ்வளவுதான்.

பிறவியிலேயே கேளாத குழந்தையின் மூளையில் அப்படி எந்தச் சேமிப்பும் இல்லை. அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்கள் கழித்துக் கருவியை இயக்கும்போது, சில பிள்ளைகள் சிரிப்பார்கள். பலர் மிரண்டு அழுவார்கள். அவர்களுக்கு அது அர்த்தமில்லாத புதுச் சத்தம். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. தினமும் காலையில் அம்மா பிள்ளைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆறு ஒலிகளைச் சொல்வார்: ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். கேட்டால் பிள்ளை ஒரு கட்டையைக் கிண்ணத்தில் போட வேண்டும். ‘ம்’ கனத்த ஒலி, ‘ஸ்’ கீச்சொலி; பேச்சின் மொத்தச் சுருதி எல்லையும் இந்த ஆறில் அடங்கிவிடும். எந்த ஒலிக்குக் கட்டை விழவில்லையோ, அதைச் சொன்னால் நிபுணர் கருவியின் அளவுகளைத் திருத்துவார். இந்தப் பயிற்சி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தொடரும். பயிற்சி இல்லாத கருவி, கற்றுக்கொடுக்க ஆளில்லாத வீட்டில் கிடக்கும் வீணை.

பேச்சுக்கான பாதைகளை மூளை மும்முரமாக அமைப்பது முதல் சில ஆண்டுகளில்தான். அதனால்தான் பிறந்த ஒரு மாதத்துக்குள் கேள்விச் சோதனை, மூன்று மாதத்துக்குள் பாதிப்பை உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்குதல் என்று மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் தகுதியுள்ள சிறு குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சை இலவசமாகவே கிடைக்கிறது. பணத்தைவிடக் காலம்தான் இங்கே பலருக்குக் கைநழுவுகிறது.

“இவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ஆறுதல் சில நேரம் ஒரு குழந்தையின் பேச்சையே விலையாகக் கேட்டுவிடும். தட்டு விழுந்தும் திரும்பாத, பெயர் சொல்லி அழைத்தும் பார்க்காத குழந்தை வீட்டில் இருந்தால் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய் ‘பெரா’ என்ற கேள்விச் சோதனை எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். வலியில்லாதது, குழந்தை தூங்கும்போதே முடிந்துவிடும்.