பாட்டன் அல்ல, பங்காளி!

மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்று பலர் சொல்வது உண்டு. ஆனால் இன்றுள்ள எந்தக் குரங்கும் மனிதனுக்குப் பாட்டன் அல்ல. சிம்பன்சி என்ற வாலில்லாக் குரங்கு நமக்குப் பங்காளி!

சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, அல்லது அதற்கும் முன்பு, ஆப்பிரிக்காவில் ஒரு மூதாதை இனம் வாழ்ந்தது. அது இரண்டு கிளைகளாகப் பிரிந்தது. ஒரு கிளையில் மனிதன் வந்தான். மற்றொன்றில் சிம்பன்சி வந்தது.

ரத்தம் சொன்ன சாட்சி

இதற்கு என்ன சாட்சி?

நமது உடலில் உள்ள செல்களுக்குள் டி.என்.ஏ. என்ற மெல்லிய இழை இருக்கிறது. உடல் எப்படி அமைய வேண்டும் என்ற விவரம் அதில் 4 விதமான "எழுத்து"களால் எழுதப்பட்டு இருக்கிறது. மனிதனுக்குச் சுமார் 300 கோடி எழுத்துகள்!

அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் கிளின்ட் என்ற சிம்பன்சி இருந்தது. அதன் ரத்தத்தை விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். 2004-ம் ஆண்டு கிளின்ட் இறந்துவிட்டது. மறு ஆண்டு முடிவு வெளியாயிற்று.

மனிதனுடைய எழுத்துகளையும், கிளின்டின் எழுத்துகளையும் வரிசையாக ஒப்பிட்டார்கள். ஒப்பிட முடிந்த இடங்களில் 100 எழுத்துக்குச் சுமார் 99 எழுத்துகள் ஒன்றாகவே இருந்தன! விடுபட்டும், கூடுதலாகவும் உள்ள பகுதிகளைச் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் அதிகம்.

ஒரு ஜோடி எங்கே?

டி.என்.ஏ. இழைகள் குரோமோசோம் என்ற கட்டுகளாகச் சுருண்டு இருக்கின்றன. சிம்பன்சிக்கு 24 ஜோடி. மனிதனுக்கு 23 ஜோடிதான். ஒரு ஜோடி எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. மனிதக் கிளையில் அது இன்னொரு ஜோடியுடன் நுனியோடு நுனி ஒட்டிக்கொண்டது. ஒட்டிய தழும்பு நமது 2-வது குரோமோசோமில் இன்றும் இருக்கிறது.

வித்தியாசம் சிறிதுதான். ஆனால் மனித மூளை சிம்பன்சியின் மூளையைப் போல் 3 மடங்கு பெரிது. மனிதன் பேசுகிறான், எழுதுகிறான்.

உறவால் வந்த வினை

இந்த உறவே சிம்பன்சிக்கு வினையாயிற்று. மனிதனைப் போன்ற உடல் என்பதால், ஆபத்தான சோதனைகளுக்கு அதைப் பிடித்தார்கள். 1961-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி, மனிதனுக்கு முன்பாக "ஹாம்" என்ற சிம்பன்சியை அமெரிக்கா விண்வெளிக்கு அனுப்பியது. அது உயிரோடு திரும்பியது. நோய்க் கிருமிகளையும், மருந்துகளையும் சிம்பன்சிகளின் உடலில் செலுத்திப் பார்த்தார்கள். இத்தகைய சோதனைகளுக்கு ஆதரவு தருவதை முடித்துக்கொள்வதாக அமெரிக்க அரசின் சுகாதார ஆராய்ச்சி நிலையம் 2015-ம் ஆண்டு அறிவித்தது.

ஆனாலும் ஆபத்து தீரவில்லை. ஆப்பிரிக்காவில் காடுகள் அழிகின்றன. வேட்டையும் நடக்கிறது. அழியும் ஆபத்தில் உள்ள இனங்களில் சிம்பன்சியும் ஒன்று. அதைக் காப்பாற்றக்கூடியவன், அதன் பங்காளியான மனிதன்தான்.